சொல்லின் வேரைக் கேளுங்கள்



எனக்கு வேண்டிய இல்லம் ஒன்றில் அண்மையில் நடந்ததைக் கூறுகிறேன். இரவுச் செபமாலை முடிந்த வேளை. மென்பொருள் எழுதும் தொழிலிலுள்ள மகன் தொலைபேசியில் தன் அலுவலகத் தோழரிடம், "அந்த டீமன் நின்றுவிட்டது, மறுபடி எழுப்பிவிடுங்கள்" என்றான். கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற தாய் பதறிப்போனார். "செபமாலை சொன்ன வாயால் பசாசை எழுப்பச் சொல்கிறாயே, தம்பி! இதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று கண் கலங்கினார்.

மகன் நகைக்கவில்லை. ஆங்கிலச் சொற்களின் பிறப்பை ஆராய்வதில் அவனுக்கு நெடுநாளைய ஈடுபாடு உண்டு. தாயின் அருகே அமர்ந்து பொறுமையாக விளக்கலானான்.

கணிப்பொறிக்கு எழுதித் தரும் கட்டளைத் தொடர்களுள் சில, நம் கண்ணில் படாமல் பின்னணியில் இருந்து ஓயாது பணி செய்பவை. மின்னஞ்சலைக் கொண்டு சேர்ப்பதும், அச்சிட வேண்டியவற்றை வரிசைப்படுத்துவதும் அவற்றின் வேலை. இவற்றுக்கே டீமன் என்று பெயர். 1963-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பணிபுரிந்த குழுவினர் இப்பெயரை இட்டனர். ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவான பெயர் இது என்று கூறுவாரும் உளர். அது பின்னர் புனைந்த விளக்கமே. ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1867-இல் கற்பனை செய்த ஒரு சிற்றுருவிலிருந்தே பெயரை எடுத்ததாக அக்குழுவைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தெரிவித்துள்ளார். இரு அறைகளுக்கிடையே சிறு கதவருகில் நின்று, விரைந்து செல்லும் மூலக்கூறுகளை ஒருபுறமும் மெல்லச் செல்பவற்றை மறுபுறமும் பிரித்தனுப்பும் காவலாள் அது. அதற்கு டீமன் எனப் பெயரிட்டவர் வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர். பழங்கிரேக்கத்தில் இச்சொல் நல்லதும் தீயதுமான ஆவிகள் இரண்டையும் குறித்தது. கிறிஸ்தவ வழக்கில்தான் அது தீய ஆவிக்கே உரியதாயிற்று.

தாயின் முகம் தெளிந்தது. "அப்படியானால், நீங்கள் பக் என்கிறீர்களே, அந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

இப்போது தயங்கியவன் மகன். கணிப்பொறிப் பிழைக்குப் பூச்சி என்று பெயர் வந்தது ஓர் அந்துப்பூச்சியால்தான் என்று அவன் பங்கு இளைஞர் கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் பெற்றிருந்தான். நிகழ்ச்சி உண்மையே. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் கணிப்பொறியில், மின் இணைப்புக் கருவி ஒன்றனுள் அந்துப்பூச்சி அகப்பட்டிருந்தது. பணியாளர் அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அந்த ஏடு இன்றும் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. கணிப்பொறி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இக்கதையைப் பலமுறை கூறிப் பரப்பினார்.

ஆனால் சொல் அன்று பிறந்ததன்று. மெய்யாகவே ஒரு பூச்சி அகப்பட்டது இதுவே முதன்முறை என்றுதான் அவ்வேட்டில் எழுதியிருக்கிறார்கள். சொல் முன்னரே வழங்கியதால் அன்றோ அந்த நகைச்சுவை பொருந்திற்று? 1878-ஆம் ஆண்டிலேயே தாமஸ் ஆல்வா எடிசன், தம் கண்டுபிடிப்புகளில் தலைகாட்டும் குறைகளை இச்சொல்லால் ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார்.

"கதை இனித்தது; ஆகவே சரிபார்க்காமல் சொல்லிவிட்டேன், அம்மா. அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொல்லிவிடுகிறேன்" என்றான் மகன். "நானும் கேட்டறியாமல் உன்னைக் கடிந்துகொண்டேனே" என்றார் தாய்.

அன்பர்களே, ஒருவர் அச்சத்தால் தவறினார். மற்றவர் கதையின் இனிமையால் தவறினார். நம் இல்லங்களிலும் அரைகுறையாய்க் காதில் விழுந்த ஒரு சொல்லால் மாமியும் மருமகளும் பிரிந்ததுண்டு; சுவையாயிருந்தது என்பதற்காகவே ஒருவரைப் பற்றிய செய்தி தெருவெல்லாம் பரவியதுண்டு. அடுத்த முறை ஒரு சொல் நம் மனத்தைச் சுடுமானால், சொன்னவரையே அருகழைத்து, "நீ எதை எண்ணி இப்படிச் சொன்னாய்?" என்று அன்போடு கேட்போம். நாம் பரப்பியது பிழையெனத் தெரிந்தால், பரப்பிய இடத்திலேயே திருத்திச் சொல்வோம்.