குலுக்கலில் கிடைக்குமோ குடியுரிமை?

இன்றைய திண்டிவனமும் அதன் சுற்றுப்புறமும் பண்டு ஓய்மாநாடு எனப் பெயர் பெற்றிருந்தன. அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கொடைத்திறம் கூறுவதே சிறுபாணாற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடிவரும் மற்றொரு பாணனை வழியிற் கண்டு, செல்லவேண்டிய வழியையும் இடையிலுள்ள ஊர்களில் கிடைக்கும் விருந்தையும் எடுத்துரைக்கின்றான். அவ்வூர்களுள் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் ஆய்வாளர். கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் இன்றும் அப்பெயரோடு நிற்கின்றது. வந்தவன் பசித்தவன் என்பதொன்றே அந்நாட்டு மக்கள் கேட்ட சான்று. பிறந்த ஊரையும் வந்த நாளையும் வினவிச் சோறிட்டாரல்லர்.

அந்த எயிற்பட்டினத்திற்குத் தெற்கே, புதுச்சேரி செல்லும் கடற்கரைச் சாலையில், விழுப்புர மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டில், ஈழத்தமிழர் குடியிருப்பு ஒன்று உள்ளது. 1983ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின்னும், 1990இல் மீண்டும் போர் மூண்டபோதும் கடல் கடந்து வந்த நம் உடன்பிறப்புகளுக்கெனத் தமிழகத்தில் அமைந்த நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவற்றில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 58,000 பேர். 'அகதி' என்னும் வடசொல்லை அகற்றி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனத் தமிழக அரசு அவ்வாண்டிற் பெயர் மாற்றியது. நன்றே. ஆயினும் பெயர் மாறியதேயன்றி நிலை மாறியதா? 'ஏதிலார்' என்றால் அயலார். தமிழ்மண்ணில் தமிழன் அயலானாவது எங்ஙனம்?

அக்குடியிருப்பில் வளரும் இளைஞன் ஒருவன் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு கணினிக் கடையில் அமர்ந்து, அமெரிக்காவின் குலுக்கல்வழி நுழைவிசைவை நாடுவதாகக் கொள்வோம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி, 1995ஆம் நிதியாண்டு முதல் நடப்புக்கு வந்த திட்டம் அது. உலகெங்கணுமிருந்து விண்ணப்பிக்கும் கோடிக்கணக்கானோரிடையே, ஆண்டுக்கு 55,000 பேர்க்கு மிகாமல் நிலையான வாழுரிமை தருவதென வகுக்கப்பட்டது. பள்ளியிறுதிக் கல்வியோ, பயிற்சி தேவைப்படும் தொழிலில் ஈராண்டுப் பட்டறிவோ இருத்தல் வேண்டும். முந்தைய ஐந்தாண்டுகளில் 50,000 பேர்க்கு மேல் அமெரிக்காவிற்குக் குடியேற்றிய நாடுகளிற் பிறந்தோர்க்கு அதில் இடமில்லை. இந்தியா அவ்வாறு விலக்கப்பட்ட நாடு. இலங்கை விலக்கப்படாத நாடு. எனவே, இந்தியாவிற் பிறந்த எவரிடமும் 'குலுக்கலிற் பெயர் சேர்த்துத் தருகின்றோம்' என்று பணம் கேட்கும் முகவர், அவர் பிறந்த நாட்டைப் பற்றி ஒன்றும் வினவாராயின், ஏமாற்றுகின்றார் என்றே கொள்க. கணவனோ மனைவியோ இடமுள்ள நாட்டிற் பிறந்திருந்தாலன்றி அவர்க்குப் பெரும்பாலும் வழியில்லை.

இனி, அவ்விளைஞனின் நிலையைக் காண்க. மன்னாரிற் பிறந்த தந்தைக்கு அக்குலுக்கலில் இடமுண்டு. ஈழக்குடியிருப்பிற் பிறந்த மகனுக்கோ இல்லை. அவன் பிறந்த மண் இந்தியா என்கின்றது அமெரிக்கா. 21 அகவைக்குட்பட்ட மணமாகாத பிள்ளையாயின் தந்தையோடு ஒட்டிச் செல்லலாம். அகவை கடந்தால் அதுவும் இல்லை. மகன் பிறந்தபோது பெற்றோர் இங்கு நிலையாக வாழ்ந்தவரல்லர் எனக் காட்டினால் பெற்றோர் நாட்டைச் சார்த்திக் கொள்ளலாம் என்பதொரு விலக்கு. பல்லாண்டு ஒரே கூரையின்கீழ்க் கிடந்தவர், தாம் இங்கு வாழவே இல்லை என்று மெய்ப்பித்தால்தான் மகனுக்கு வாழ்வாம்!

'நீ இந்தியாவிற் பிறந்தவன்' என்று கடலுக்கப்பால் தள்ளப்பட்டவன், 'அங்ஙனமாயின் யான் இந்தியக் குடிமகனே' என்று தில்லியை நோக்கி நின்றால், தில்லி என்ன சொல்கின்றது? 1987 சூலை முதல் நாளுக்கு முன் இம்மண்ணிற் பிறந்தவர்க்கே பிறப்பொன்றால் குடியுரிமை உண்டு என்கின்றது சட்டம். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியக் குடிமகனாய் இருத்தல் வேண்டும். 2004 திசம்பருக்குப் பின் பிறந்தோர்க்கு, மற்றவர் முறையின்றிக் குடியேறியவராயின் அதுவும் பயன்படாது. 1987க்கு முன் பிறந்த பெண்ணொருவர்க்கே கடவுச்சீட்டுக் கிடைக்க, 2022இல் சென்னை உயர்முறைமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டு இந்து, சீக்கிய, புத்த, சமண, பார்சி, கிறித்தவ மக்களுக்குக் கதவு திறந்தது. ஈழத்தமிழருட் பெரும்பாலோர் இந்துக்கள், கிறித்தவரும் உளர். ஆயினும் இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்டோர்க்கு, ஆவணமின்றித் தங்கியமைக்கான ஒறுப்பினின்று 2025 செப்டம்பரில் விலக்களித்தனர். ஒறுக்காமல் விட்டது உரிமை தந்ததாகுமா?

ஆக, அமெரிக்காவிற்கு அவன் இந்தியன்; இந்தியாவிற்கு அவன் இலங்கையன்; இலங்கையோ அவன் கண்டறியாத நாடு. மூன்று அரசுகள் மாறி மாறிச் சுட்டும் இடத்தில் ஒரு மாந்தன் நிற்க அடிநிலம் இல்லை.

குலுக்கலில் பெயர் வந்தாலும் முடிவன்று. இடங்களினும் மிகுதியானோரைத் தெரிந்தெடுத்து, குறித்த காலத்திற்குள் நேர்காணலும் சான்றுகளும் முடிந்தவர்க்கே தருவர். கடவுச்சீட்டும் பிறப்புச்சான்றும் காவல்துறைச் சான்றும் வேண்டும். இங்கிருந்து வெளியேறத் தில்லியின் இசைவும் வேண்டும். போரில் வீடெரிந்து ஓடிவந்தவன் எதனைக் காட்டுவான்? அதற்குமேல், கொடுப்பவன் மனம் மாறினால் அனைத்தும் வீண். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் இத்திட்டத்தின் வழி வந்தவன் என்று கூறி, 2025 திசம்பரில் அதனை நிறுத்திவைப்பதாக அமெரிக்க ஆட்சி அறிவித்தது. ஒருவன் செயலுக்கு உலகத்து ஏழையர் அனைவர் வாயிலும் அடைபட்டது!

ஏழைக் குடும்பங்களைக் கெடுக்கின்றது என்று பரிசுச்சீட்டை 2003இல் தடைசெய்தது தமிழகம். பணத்தை ஆகூழிடம் ஒப்படைப்பதே தீதென்றால், வாழ்நிலத்தை ஆகூழிடம் ஒப்படைப்பது எத்துணைத் தீது! தமிழனை எண்ணிக்கையாக்கிப் பங்கிடுவது புதிதுமன்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ – சாத்திரி உடன்பாட்டில், மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பேசித் தீர்க்க எனப் பிரித்தனர். அவர்களைக் கேட்டவர் யார்? தேயிலை மூட்டையைப் பிரிப்பதுபோல் மாந்தரைப் பிரித்தனர். தனக்கென ஓர் அரசில்லாத இனத்தின் தலையெழுத்தைப் பிறர் எழுதுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

குலுக்கலை நாடும் இளைஞனைப் பழித்தல் ஆகாது. மூழ்குகின்றவன் துரும்பையும் பற்றுவான். பழிக்கத் தக்கது, அவனைத் துரும்பு தேடவிட்டுக் கரையில் நிற்கும் தமிழினமே. இம்மண்ணிற் பிறந்து, இம்மண்ணில் தமிழ் பயின்று, இம்மண்ணில் உழைத்து உண்ணும் ஈழத்தமிழர் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வேண்டுமென்பது இரக்கத்தால் கேட்கும் பிச்சையன்று, உரிமை. நாடு திரும்ப விழைவோர்க்கு நிலமும் பாதுகாப்பும், இங்கு வாழ விழைவோர்க்கு முழுக் குடியுரிமையும் என்னும் இரண்டையும் தில்லியிடம் கேட்டுப் பெறுதல் தமிழகத்தின் கடன். தமிழக மக்களும் அவர்கள் தேர்ந்து விடுக்கும் உறுப்பினரும் ஒருகுரலாய் வற்புறுத்தாதவரை, தில்லியின் செவி திறவாது.

ஓய்மாநாட்டுப் பாணன் தன்போல் வறியவனுக்கு வழி சொன்னான். அவன் காட்டிய வழியின் முடிவில் ஒரு தமிழ் வேந்தனின் அடையாத வாயில் இருந்தது. அதே கடற்கரையில் இன்று நிற்கும் இளைஞனுக்குத் தமிழினம் காட்டும் வழி, அயலான் உருட்டும் குலுக்கற் பெட்டியில் முடியலாகாது.