ரெண்டு ஒயர் வேலையா, பெட்ரோல் பம்ப்?

மே மாதத்துப் பிற்பகலில் பனகல் பார்க் சிக்னலில் ஒரு அம்பாசடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ திணறி நின்றால், பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவராவது மருந்து சொல்லிவிடுவார்: “அந்தப் பழைய பம்ப்பைத் தூக்கிப் போட்டுட்டு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டிடுங்க சார். ரெண்டு ஒயர், அரை மணி நேர வேலை.” பழைய கார் வைத்திருப்பவர்களிடையே இது ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிய பிறகு இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். எலெக்ட்ரிக் பம்ப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ‘ரெண்டு ஒயர்’தான் எனக்கு ஆகாது.

முதலில், வண்டி நின்றதற்குப் பம்ப்தான் காரணம் என்பது. பல வண்டிகளில் அது பாவம், பழியை மட்டும் சுமக்கிறது. ஹெரால்டு எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் ஏ.சி. கம்பெனி பம்ப்பைப் பாருங்கள். தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம், அடியில் கையால் அழுத்தும் நெம்புகோல். எஞ்சின் ஓடும்போது அந்தக் கிண்ணத்தில் காற்றுக் குமிழ்கள் வரிசையாக ஓடினால் பம்ப்புக்கு முன்னால் எங்கோ ஓஸ் பைப் வெடித்திருக்கிறது அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. கிண்ணத்தின் அடியில் செந்தூள் படிந்திருந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் வண்டி இருபது நிமிடம் ஓடிவிட்டு நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று சத்தம் வரும், வண்டி மறுபடி கிளம்பிவிடும். சூடேறினால் செயலிழக்கும் இக்னிஷன் காயிலும் இதே வேடத்தைப் போடும். இவற்றில் எதையும் பார்க்காமல் பம்ப்பை மாற்றினால், கோளாறு அப்படியே இருக்கும், கூடவே ஒரு புதுக் கோளாறும் சேரும்.

இரண்டாவது, வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது, அத்தோடு ஒழிந்தது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும்போது பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். டேங்குக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப்பை வைத்தால் அது பெட்ரோலைத் தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் அவ்வளவு சுலபமாகக் கொதிக்காது. மறுக்கவில்லை.

ஆனால் உஸ்மான் சாலையில் வண்டி ஊர்வதை நினைத்துப் பாருங்கள். 1489 சி.சி. அம்பாசடர் சும்மா நின்று உறுமும்போது மணிக்கு ஒரு லிட்டர் போலக் குடிக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை குழாயில் நிற்பது நூறு மில்லி சொச்சம். அதாவது, பெட்ரோல் அந்தத் தூரத்தைக் கடக்கவே ஆறேழு நிமிடம் ஆகிறது. கடைசி ஓரடி, அனல் வீசும் பேனட்டுக்குள். எந்த பம்ப் போட்டாலும் இந்த நிதானம் மாறாது. மாற்றுவது ரிட்டர்ன் லைன்தான்: கார்புரேட்டருக்குச் சற்று முன்னால் ஒரு டீ இணைப்பு, சின்னத் துளை, அங்கிருந்து டேங்குக்குத் திரும்பும் ஒரு மெல்லிய குழாய். பெட்ரோல் ஓரிடத்தில் நின்று சூடேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்திய பிறகு கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து வழிகிறதே, அதற்கும் பம்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூடு கடத்தாத தடித்த பேக்கிங்கும் ஒரு தகட்டு மறைப்பும் வேண்டும். பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிய பழைய டாக்சிக்காரர்களுக்கு நோய் சூடுதான் என்று தெரிந்திருந்தது.

மூன்றாவது, “எந்த பம்ப்பா இருந்தாலும் சரி, பெரிசாவே போடுங்க.” இதுதான் ஆபத்தான பேச்சு. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் சல்லிசாகக் கிடைப்பது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களிலிருந்து கழற்றிய பம்ப். அது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும். பழைய கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்குவது இரண்டிலிருந்து நான்கு பி.எஸ்.ஐ.; சிலவற்றில் அதற்கும் கீழே. மிஞ்சினால் ஃப்ளோட் அமுங்கிப்போய் பெட்ரோல் வெளியே வழியும். அம்பாசடரில் கார்புரேட்டருக்கு நேர் கீழே இருப்பது எக்சாஸ்ட் மேனிஃபோல்டு என்பதை நினைவில் வையுங்கள். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் இந்த வண்டிக்குத் தேவை மணிக்கு எட்டுப் பத்து லிட்டர்தான். கார்புரேட்டருக்கென்றே செய்த சிறிய பம்ப் தாராளம். அதோடு ஒரு பிரஷர் ரெகுலேட்டரும் மாட்டி, கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் வண்டியை எடுக்கக்கூடாது.

இனி அந்த ரெண்டு ஒயர். இக்னிஷனிலிருந்து ஒன்று, பாடியில் எர்த்துக்கு ஒன்று, வேலை முடிந்தது என்கிறார்கள். பம்ப் ஓடும், சந்தேகமில்லை. எப்போது நிற்கும் என்பதுதான் கேள்வி. பழைய பம்ப்பை ஆட்டுவது கேம்ஷாஃப்ட். எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். யாரும் தனியாகப் பேசாத பாதுகாப்பு அது. பம்ப்பைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறோம். ஈ.சி.ஆரில் வண்டி மோதி, குழாய் பிய்ந்து, ஓட்டுபவர் மயங்கிக் கிடக்கிறார், சாவி ஆனில் இருக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 60 லிட்டர் பம்ப் என்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் ரோட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

எடுத்த பாதுகாப்பைத் திருப்பி வைப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. பம்ப்புக்குக் கரண்ட் ஒரு ரிலே வழியாக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸோடு வரவேண்டும். அந்த ரிலே, காயிலில் துடிப்பு இருந்தால் மட்டும் பம்ப்பை ஓட்டும் வகையாக இருக்கட்டும். இல்லையென்றால் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் போடலாம். ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் வழியாகவும், எஞ்சின் பிடித்த பிறகு ஆயில் அழுத்தத்தாலும் பம்ப் ஓடும். இவற்றோடு ஒரு இனர்ஷியா ஸ்விட்ச். உள்ளே காந்தம் பிடித்து வைத்திருக்கும் ஒரு எஃகுக் குண்டு. வண்டி எதிலாவது மோதினால் குண்டு இடம் பெயர்ந்து கரண்டை வெட்டிவிடும், மேலே இருக்கும் பட்டனை அழுத்தினால் மறுபடி சேரும். ஃபோர்டு கார்களில் கம்பெனியே இதை வைத்து விற்றது. இதில் மட்டும் பழைய சாமான் வேண்டாம், புதிதாக வாங்குங்கள். லூக்காஸ் டைனமோ காலத்து வண்டி என்றால் பாசிட்டிவ் எர்த்தா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக் பம்ப்புகளில் பல நெகட்டிவ் எர்த்துக்கு மட்டுமே செய்தவை, மாற்றிக் கொடுத்தால் எரிந்துவிடும்.

“பழைய பம்ப் அப்படியே இருக்கட்டும், ஸ்பேர் மாதிரி” என்றும் சிலர் சொல்வார்கள். பின்னால் எலெக்ட்ரிக் பம்ப் தள்ள, முன்னால் பழைய பம்ப்பின் டயாஃப்ராம் கிழிந்தால், பெட்ரோல் நேராக எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தாலே நெடி அடிக்கும். ஆயில் நீர்த்து பேரிங் போவது ஒரு பக்கம், சம்ப்பில் பெட்ரோல் ஆவி சேர்வது இன்னொரு பக்கம். கழற்றுங்கள், துளையைத் தகடும் பேக்கிங்கும் வைத்து மூடுங்கள்.

இடம் பற்றிச் சுருக்கமாக: டேங்குக்குப் பக்கத்தில், அதன் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழேயோ, சைலன்சர் பைப்புக்கு எதிர்ப்புறம், ரப்பர் புஷ் மேல். டிக்கிக்குள் வேண்டாம். பம்ப்புக்கு முன்னால் ஃபில்டர். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து வெடிக்கச் செய்யும் என்பதால், ஓஸ் பைப் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எதிர்த்தரப்பிலும் ஒரு தப்பான பேச்சு உண்டு: எலெக்ட்ரிக் பம்ப் போட்டால் கார் ‘ஒரிஜினல்’ இல்லையாம். மெட்ராஸ் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனருக்குக் கம்பெனியே கொடுத்தது எஸ்.யூ. எலெக்ட்ரிக் பம்ப்தான். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் ஓயும். பாயின்ட் ஒட்டிக்கொண்டால் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார்கள்.

அந்த அரை மணி நேரமும் தவறு. எல்லாம் சேர்த்து ஒரு முழு நாள் ஆகும். எங்கே செய்கிறோம் என்பதும் முக்கியம். தி.நகர் அடுக்குமாடிகளில் கார் நிற்பது ஸ்டில்ட் பார்க்கிங்கில். அங்கேதான் தண்ணீர் மோட்டாரும் அதன் ஸ்விட்சும் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு பரவும். டேங்க் பைப்பைக் கழற்றிய நேரத்தில் மாடியிலிருந்து யாராவது மோட்டாரைப் போட்டால் ஒரு பொறி போதும். வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய், பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, சாவி ஆனில் இருக்கும்போதே காயிலின் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் பம்ப்பும் ஓயவில்லை என்றால் மெக்கானிக்குக் காசு கொடுக்காதீர்கள்.