மலை யாருக்கு?

ஆண்டெல்லாம் நெய்வேலிச் சுரங்கத்தில் வெந்து, நாட்டுக்கு விளக்கேற்றும் தொழிலாளி, பண்ருட்டிப் பலா ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு நான்கு நாள் உதகைக்குப் போய்வர நினைக்கிறான். நினைப்பதில் தவறென்ன?

மலைப்பாதையோ திணறுகிறது! சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என வரம்பும் வந்தது. அந்த ஏப்ரலில் கடையடைத்த நீலகிரி வணிகரின் வயிற்றுக் கவலையை நாம் ஏளனம் செய்யோம். ஆயினும் வரம்பு வேண்டியதே.

ஊருக்குள் மேலும் நிறுத்துமிடம் கட்டலாமே என்பார் உளர். எங்கே கட்டுவது? சரிவை வெட்டியா? வெட்டிய மண் சரியும் என்பதைச் சுரங்கத் தொழிலாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2009 நவம்பரில் நீலகிரி கண்ட மண்சரிவை மறந்தோமா?

ஐம்பது பேரைச் சுமக்கும் அரசுப் பேருந்துக்கு அந்த வரம்பு இருக்கவில்லை. நான்கு பேர் சாய்ந்து செல்லும் காருக்குக் கணக்கு இருந்தது. வழி அங்கேதான் இருக்கிறது! கார்கள் மேட்டுப்பாளையத்தில் நிற்கட்டும்; பேருந்துகள் அடுத்தடுத்து ஏறட்டும். மேலே உள்ளூர் ஓட்டுநர்க்கும் சவாரி கிடைக்கும்.

காரைக் குறைத்துவிட்டுப் பேருந்தைக் கூட்டாவிட்டால், மலை பிழைக்கும். ஏழை அடிவாரத்திலேயே நிற்பான். அதை நாம் ஏற்கோம். வரம்பு வண்டிக்கு இருக்கட்டும், மனிதனுக்கு வேண்டாம்!