'செட்டில்' என்றால் என்ன?

தில்லியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அண்மையில் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். நிரந்தர உத்தியோகம், ஒழுங்கான வருமான வரிக் கணக்கு, கையில் சம்பளச் சான்றிதழ். யமுனைக்குக் கிழக்கே ஒரு இரண்டு அறை ஃபிளாட்டுக்கு ரூ.2 லட்சம் முன்பணமும் கொடுத்திருந்தார். மேலாளர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை நண்பர் பக்கம் திருப்பினார். பழைய கிரெடிட் கார்டு கணக்கு ஒன்றுக்கு எதிரே ஒரே ஒரு சொல்: 'செட்டில்டு'. அதைத்தான் அப்போதே முடித்துவிட்டேனே என்றார் நண்பர். அதுதான் சிக்கல் என்றார் மேலாளர்.

'செட்டில்' நம் வீடுகளில் மங்கலமான சொல். பையன் வேலையில் செட்டில் ஆகிவிட்டான், பெண் கல்யாணமாகி செட்டில் ஆகிவிட்டாள் என்போம். பில்லை செட்டில் செய்தால் பாக்கி இல்லை என்று அர்த்தம். கடன் அறிக்கையில் பொருள் வேறு. முழுக் கடனையும் கட்டாமல், பேரம் பேசி ஒரு பகுதியைக் கட்டி, மீதியை வங்கி விட்டுக்கொடுத்த கணக்கு அது. முழுதும் கட்டி முடித்த கணக்குக்கு 'குளோஸ்டு' என்று தனிச் சொல் உண்டு.

2020இல் கொரோனா ஊரடங்கின்போது நண்பருக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. கார்டு பாக்கி ரூ.84,000 ஆயிற்று. வசூல் முகவர் தொலைபேசியில் அழைத்து, ரூ.40,000 கட்டினால் போதும், கணக்கை செட்டில் செய்து கடிதம் தருகிறோம் என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினார். கடிதம் வந்தது. என்னிடம்தான் முதலில் காட்டினார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானும் அதைப் படித்துவிட்டு, ரூ.44,000 லாபம் என்று வாழ்த்துச் சொன்னேன்.

அந்த லாபம் எங்கே பதிவானது? இந்தியாவில் கடன் விவரங்களைச் சேகரிக்க 4 நிறுவனங்கள் உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை இயங்குகின்றன. வங்கிகள் அனுப்பும் தகவலைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகின்றன. 750ஐத் தாண்டியவர்களுக்குக் கடன் கிடைப்பது பொதுவாக எளிது. விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஊரடங்கு முடிந்து, சம்பளம் பழையபடி ஆன பிறகும் அந்த ஒரு சொல் அழியாததற்குக் காரணம் இதுதான்.

கட்ட முடியாத நிலை யாருக்கும் வரலாம். அப்போது தள்ளுபடி கேட்பதைவிடத் தவணை கேட்பது நல்லது. பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லியோ, கால அவகாசம் கேட்டோ வங்கிக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முழுத் தொகையும் கட்டிய பின் பாக்கியில்லாச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் தவணை தவறியதாகாது. ஆனால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். ஒரே சமயத்தில் நாலு வங்கிகளில் கடன் கேட்டால் நாலு விசாரணைகளும் பதிவாகும். உறவினருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் நம் அறிக்கையில் வரும். அவர் கட்டத் தவறினால் பாதிப்பு நமக்கும்தான்.

நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நண்பரின் அறிக்கையில் தவறு எதுவும் இல்லை. ஆகவே புகாருக்கும் இடமில்லை.

பழைய வங்கியைத் தேடிப் போய் மீதி ரூ.44,000ஐக் கட்டினார். 'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஃபிளாட்காரர் காத்திருக்கவில்லை. வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். இந்தக் கணக்கின் நிலை கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்படும் என்று கடைசி வரியில் தெளிவாகவே எழுதியிருந்தது. அன்றைக்கு நாங்கள் இருவருமே அதைப் படித்திருந்தோம்.