பழைய கஞ்சிலைக் கழிப்பதா, காப்பதா? கோப்பெங் குடும்பங்களின் கணக்கு

கோப்பெங்: ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பெங் வட்டாரத் தாமான்களில் ஒரு சுற்று வந்தால் இந்தக் காட்சி கண்ணில் படும். வீட்டு முன்புறம் பழைய கஞ்சில் கார், பானெட் திறந்தபடி. அப்பா ஸ்பேனரோடு குனிந்திருப்பார். மகன் கைப்பேசி விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்பான். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வண்டி ஓடியாக வேண்டும் என்ற கவலை இருவர் முகத்திலும் தெரியும்.

அந்தக் கவலையோடு இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. இந்த வண்டியை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பது? கடந்த 2025 அக்டோபரில் தாக்கலான 2026 வரவு செலவுத் திட்டத்தில், 20 ஆண்டுக்கு மேற்பட்ட காரைக் கழித்துவிட்டு புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. இது கட்டாயமில்லை, விரும்புவோருக்கு மட்டுமே. ஆனாலும் 'பழைய காரை இனிப் பிடுங்கிக்கொள்வார்களா?' என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் அடங்கவில்லை.

தோட்டத்தை விட்டு வந்தவர்களின் முதல் கார்

பெரோடுவா நிறுவனம் 1994 ஆகஸ்டில் கஞ்சிலை அறிமுகப்படுத்தியது. ஜப்பானின் டைஹாட்சு மீரா காரை அடிப்படையாகக் கொண்டு, மூன்று சிலிண்டர் 660 சிசி எஞ்சினோடு வந்த வண்டி அது. பிறகு 850 சிசி மாடலும் வந்தது. 2009இல் உற்பத்தி நிற்கும்வரை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கஞ்சில்கள் விற்பனையாயின.

அந்தக் காலகட்டம் நம் மக்களுக்கு முக்கியமானது. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்து வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான்களில் மலிவு வீடு தேடின. தோட்டத்தில் இருந்தவரை வேலையும் பள்ளியும் கோயிலும் நடந்து போகும் தூரம்தான். வெளியே வந்த பிறகு எல்லாமே தூரமாகிவிட்டன. அந்தத் தூரத்தைக் கடக்க முதலில் மோட்டார் சைக்கிள் வந்தது, பிறகு கஞ்சில் வந்தது. நான்கு பேர் மழையில் நனையாமல் போக முடிந்ததே அன்று பெரிய முன்னேற்றம்.

கோப்பெங்கிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் காலையில் சிகிச்சைக்கு வரச்சொன்னால், தோட்டத்து உள்சாலையிலிருந்து பெரிய சாலை வரைக்கும் வர முதலில் ஒரு வண்டி வேண்டும். பேருந்து ஓடுவது பெரிய சாலையில்தான். இரவு வேலை முடிந்து வருபவருக்கு அதுவும் கிடையாது. இங்கே கார் ஆடம்பரம் இல்லை.

4,000 ரிங்கிட் எவ்வளவு தூரம் போகும்?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2023 ஜூனில் பெரோடுவா அறிமுகப்படுத்திய ஆக்சியா 'இ' மாடலின் அறிமுக விலை 22,000 ரிங்கிட். நாட்டின் மலிவான புதிய காராக அது பேசப்பட்டது. முழு 4,000 ரிங்கிட்டும் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் மீதி 18,000. முன்பணம் இல்லாமல் ஒன்பது ஆண்டுக் கடன் எடுத்தால், வட்டி சேர்க்காமலே மாதம் 166 ரிங்கிட். வட்டி சேர்ந்தால் 200ஐத் தாண்டும். கடன் முடியும்வரை முழுக் காப்புறுதியும் எடுத்தாக வேண்டும்.

குறைந்தபட்ச சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். ஒருவர் சம்பாத்தியத்தில் வாடகை, பள்ளிச் செலவு, மளிகை எல்லாம் பார்க்கும் வீட்டில் மாதம் 200 ரிங்கிட் சிறிய தொகை அல்ல. சம்பளச் சீட்டு இல்லாத குத்தகைத் தொழிலாளிக்கும் நாள் கூலிக்காரருக்கும் வங்கிக் கடன் கிடைப்பதே சிரமம். உதவித்தொகை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே கடன் வாசலில் நின்றுவிடுகிறார்கள். மேலும் இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 10 மில்லியன் ரிங்கிட். சாலையில் ஓடும் பழைய கார்களின் எண்ணிக்கைக்கு முன் இது சில ஆயிரம் வண்டிகளுக்கான தொகைதான்.

சாலை வரியில் பழைய காருக்கும் புதிய காருக்கும் வித்தியாசம் இல்லை. 1,000 சிசிக்கு உட்பட்ட கார் எதுவானாலும் தீபகற்பத்தில் ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். ஆகவே கடன் இல்லாத கஞ்சிலை வைத்திருப்பவர் அதைக் கைவிட மறுப்பதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது.

2009 சொல்லும் பாடம்

இது புதிய விவாதமும் அல்ல. 2009இல் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காரைக் கொடுத்துப் புதிய தேசியக் கார் வாங்கினால் 5,000 ரிங்கிட் கழிவு என்ற திட்டம் வந்தது. அதே ஆண்டு இறுதியில், 15 ஆண்டுக்கு மேற்பட்ட கார்கள் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று தேசிய வாகனக் கொள்கையில் அறிவிக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பு பலமாக எழுந்தது. சில நாள்களிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானது. பரிசோதனை என்பது வண்டியைப் பறிக்கும் முதல் படி என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் அதோடு ஒரு நல்ல விஷயமும் போய்விட்டது. இன்று தனியார் காருக்கு ஆண்டுப் பரிசோதனை கிடையாது. 25 வயதான காரின் பிரேக் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர் அதன் உரிமையாளர் மட்டுமே. ஜப்பானில் புதிய காருக்கு மூன்று ஆண்டு கழித்தும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. பிரிட்டனில் மூன்று ஆண்டு ஆனதும் ஆண்டுதோறும் உண்டு. அங்கெல்லாம் வயது எவ்வளவு என்பதைவிட நிலை எப்படி என்பதே முதல் கேள்வி.

வீட்டில் செய்யலாம், செய்யக்கூடாது

கஞ்சிலை வீட்டிலேயே பழுது பார்க்க முடிகிறது என்றால் அதன் எளிமைதான் காரணம். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிளக், ஏர் ஃபில்டர், பேட்டரி, விளக்கு, வைப்பர் ஆகியவற்றை மாற்ற கணினி தேவையில்லை. பழைய மாடல்களின் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார்கள். தோட்டத்து லோரியையும் டிராக்டரையும் பார்த்த கைகளிடமிருந்து வந்த தொழில் அது.

ஆனால் எல்லை தெரிந்திருக்க வேண்டும். வண்டியை ஜேக்கில் மட்டும் தூக்கி வைத்து அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஜேக் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகக்கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட் ஆகியவற்றை அனுபவமுள்ள பட்டறையில் விடுவதே நல்லது. டைமிங் பெல்ட் அறுந்தால் ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும். நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பணம் குறைவாக இருக்கும்போது எதற்கு முதலில் செலவழிப்பது என்பதுதான் முக்கியம். பெயின்ட், ரிம், ஸ்பீக்கர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் டயர், பிரேக், இருக்கைப் பட்டை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த டயர் மழையில் பிடிக்காது. பழைய வண்டிகளில் பிரேக் குழாய், ரேடியேட்டர் குழாய் போன்ற ரப்பர் பாகங்கள் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். மாதம் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். கழித்த எஞ்சின் ஆயிலைக் கால்வாயில் ஊற்றாமல் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் இன்றைய கார்களில் உள்ள ஏர்பேக், ஏபிஎஸ் பாதுகாப்பு பழைய கஞ்சிலுக்கு வராது. சுமார் 700 கிலோ எடையுள்ள வண்டி அது. ஊருக்குள் வேலைக்கும் சந்தைக்கும் அது போதும். ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு தைப்பூசத்துக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்கு போவது வேறு விஷயம்.

என்ன செய்யலாம்?

கழிக்க வைக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் காக்க வைப்பதற்கும் ஒதுக்கலாம். வசதி குறைந்த குடும்பங்களின் பழைய கார்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை தரலாம். 'பிரேக் மாற்ற வேண்டும், டயர் மாற்ற வேண்டும்' என்று சொல்லும் பரிசோதனையாக அது இருக்க வேண்டும், வண்டியைப் பறிக்கும் பரிசோதனையாக இருந்தால் யாரும் வரமாட்டார்கள். உதவித்தொகையை புதிய காருக்கு மட்டும் என்று கட்டாமல், பத்து ஆண்டுக்கு உட்பட்ட பாதுகாப்பான பழைய காருக்கும் விரித்தால் பலருக்குக் கை எட்டும். தோட்டத்து உள்சாலைகளுக்குச் சிறு பேருந்து வந்தால், ஓட முடியாத வண்டியை யாரும் வற்புறுத்தி ஓட்ட மாட்டார்கள்.

கோயில் நிர்வாகங்களும் பொது அமைப்புகளும் இரத்த தான முகாம் நடத்துவதுபோல், ஊர் மெக்கானிக்குகளை அழைத்து ஒரு நாள் வாகனப் பரிசோதனை முகாம் நடத்தலாம். பெரிய செலவு இல்லை. ஒரு கொட்டகை, நாலு ஜேக் ஸ்டாண்ட், இரண்டு அனுபவசாலிகள் போதும்.

அதுவரை, ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் திறக்கும் அப்பாக்கள் எஞ்சினைப் பார்த்த கையோடு நான்கு டயரையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு மூடட்டும். மறுநாள் அந்த வண்டியில் ஏறப்போவது அவர்கள் பிள்ளைகள்தான்.