வரப்புக்கு வராத வைத்தியர்

போன மார்கழியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவடிக்கு வடக்கே, மோரை பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் நிலம். வங்கியில் 34 ஆண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன், இப்போது தூயமல்லியும் கீரையும் போடுகிறேன். பக்கத்து நிலத்துக்காரர் என்னைவிட நாலு வயது இளையவர். மழை விட்டதும் வரப்பு செதுக்கி, மாட்டுக்குப் புல் அறுத்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சலில் விழுந்தார்.

மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவன். லீவு போட முடியாது. செல்போனில் ஒரு செயலியைத் திறந்து டாக்டரைப் பிடித்தான். நாலு நிமிஷம் பேச்சு. எத்தனை நாளாகக் காய்ச்சல், இருமல் உண்டா, சர்க்கரை இருக்கா, அவ்வளவுதான். ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு வலி மாத்திரை, இரண்டு சத்து மாத்திரை. அதே செயலி சாயங்காலமே மாத்திரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அஞ்சு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. "பேங்க் சாரே, உடம்பு அடிச்சுப் போட்டாப்ல இருக்கு"ன்னு முனகினார். வண்டியில் உட்கார வைத்துத் துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். செவிலியர் அம்மா கேட்ட முதல் கேள்வியே வேறு: "என்ன வேலைண்ணா செய்றீங்க? புல்லு கில்லு அறுத்தீங்களா?" இடுப்புத் துணியைத் தளர்த்திப் பார்த்தார். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் அவரே கவனிக்கவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல்! புல் பூண்டில் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி கடித்து வருவது.

அந்த அம்மா உடனே வீடியோவில் டாக்டரைக் கூப்பிட்டு அந்தப் பொருக்கைக் காட்டினார். டாக்டர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். ரத்தப் பரிசோதனை, டாக்சிசைக்ளின் மாத்திரை, மூன்றாம் நாள் காய்ச்சல் போச்சு. விலை குறைந்த, பழைய மாத்திரைதான் அது. ஆனால் தாமதமானால் இந்தக் காய்ச்சல் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏமாற்றியதும் தொலை மருத்துவம்தான், காப்பாற்றியதும் தொலை மருத்துவம்தான். இரண்டிலும் டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். இந்தப் பக்கம், நோயாளி பக்கத்தில், துணியை விலக்கிப் பார்க்க ஒரு கை இருந்ததா என்பதுதான் வித்தியாசம். அதனால் 'இயற்கை உழவனுக்கு செல்போன் வைத்தியம் எதுக்கு' என்று நான் சொல்லப் போவதில்லை. யார் கண்காணிப்பில், எந்த விதியின்படி நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. எல்லை தாண்டினால் வருகிற சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தைச் சென்னை மருத்துவர்களோடு 2000-லேயே இணைத்தார்கள். ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி 2019 நவம்பரில் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. தொடக்க ஆண்டுகளில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு இருந்தது. மனநலத்துக்கு 14416 எண்ணில் டெலி-மானஸ் 2022 அக்டோபரில் வந்தது. கடன், விளைச்சல் நட்டம் என்று உள்ளுக்குள்ளே புழுங்குகிற உழவர்கள் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

விதியும் இல்லாமல் இல்லை. ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்று தொலை மருத்துவ நெறிமுறைகள் வெளிவந்தன. மருத்துவரின் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும். காசு வாங்கினால் ரசீது தர வேண்டும். முதல் முறை பேசும்போது எந்த மருந்து எழுதலாம், எது கூடாது என்று பட்டியல் உண்டு. போதை தரும் மருந்துகளை எழுதவே கூடாது. நேரில் பார்க்க வேண்டிய நோய் என்றால் நேரில் அனுப்பிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவு மருந்து எழுதக் கூடாது. செயலி நடத்துகிறவர் டாக்டரின் தகுதியைச் சரிபார்க்க வேண்டும், புகார் கேட்க ஏற்பாடு வைக்க வேண்டும். மீறினால் அந்தச் செயலியைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கலாம். எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பையன் காட்டிய சீட்டில் பதிவு எண்ணே இல்லை. செயலிக்குப் புகார் அனுப்பினோம். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வந்தது. அதோடு சரி. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் தொலை மருத்துவத்தையும் சேர்த்து மருத்துவர்களுக்குப் புதிய ஒழுங்குமுறை கொண்டுவந்தது. எதிர்ப்பு வரவே அதே மாதம் நிறுத்தி வைத்தது. டாக்டர் மேல் குறை என்றால் மாநில மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. கம்பெனி மேல் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். செல்போனிலேயே எல்லாம் முடிந்த ஒரு நோயாளியை, புகாருக்கு மட்டும் ஆபீஸ் ஆபீஸாக அலைய விடுவது என்ன நியாயம்?

வங்கியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. கவுண்டருக்கு வந்த வாடிக்கையாளர் செல்போனுக்குப் போனார், கூடவே திருட்டும் போனது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தப்பில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்தால், மூன்று வேலை நாளுக்குள் தகவல் சொன்னவருக்குப் பொறுப்பு பூஜ்யம். வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் காகிதம் வந்த பிறகு எங்கள் கிளையில் குரல் மாறியதை நானே பார்த்தேன். அதுவரை 'நீங்க ஏன் ஓடிபி சொன்னீங்க' என்று அதட்டியவர்கள், 'உட்காருங்கம்மா, எழுதிக்கிறேன்' என்றார்கள். விதியில் நாள் கணக்கும் பொறுப்பாளியும் இருந்தால்தான் அதற்குப் பல் இருக்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, உயிருக்கு வேண்டாமா?

இன்னொன்று, நம் வாசகர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பயிரில் புள்ளி விழுந்தால் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு யாரிடம் போனோம்? பூச்சிமருந்துக் கடைக்காரரிடம். விற்கிறவரே வைத்தியர். அவர் 'ஒண்ணும் அடிக்க வேணாம், தண்ணியைக் கொஞ்சம் காயப் போடு' என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா? ஆலோசனையும் தந்து மாத்திரையும் விற்கிற செயலி அந்தக் கடையின் புது வடிவம்தான். இரண்டு சத்து மாத்திரை எதற்கு வந்தது என்று இப்போது புரிகிறதா? கூடவே, யாருக்கு என்ன நோய் என்கிற குறிப்பும் அவர்கள் கையில் தங்கிவிடுகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2023-லேயே நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. அது உழவன் வீட்டு நோய்க்குறிப்பையும் காக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

'ரொம்பக் கெடுபிடி செய்தால் டாக்டர்கள் போனையே எடுக்க மாட்டார்கள்' என்று ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். நியாயமான கவலைதான். நான் கேட்பது டாக்டருக்கு விலங்கு இல்லை, செயலிக்குக் கணக்கு. பதிவு எண்ணை அச்சிடுவதில் எந்த நல்ல டாக்டருக்கும் சிரமம் இருக்காது. அங்ககச் சான்றில் பங்கேற்பு உத்தரவாத முறை வந்தபோது 'இதெல்லாம் தொல்லை' என்றுதான் நாமும் புலம்பினோம். பக்கத்து உழவர் நம் நிலத்துக்கு வந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வந்தது. போட்டோவைப் பார்த்து யாரும் சான்று தருவதில்லையே!

அரசிடம் நான் கேட்பது நாலு. ஒன்று, ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் குறித்த நேரத்தில் செவிலியர் கூட இருந்து டாக்டரோடு பேச வைக்க வேண்டும். அதற்கு ஆள் பற்றாக்குறை இருக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவருகிற சகோதரி கையிலேயே இந்த வசதியையும் சேர்க்கலாம். இரண்டு, எல்லாச் செயலிகளும் அரசிடம் பதிவு செய்து, அந்தப் பட்டியல் பொதுவில் இருக்க வேண்டும். மூன்று, புகாருக்கு ஒரே எண், பதிலுக்கு நாள் கணக்கு. நாலு, சீட்டு எழுதுகிற செயலி அதே நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது. மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்பது தமிழிலும் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. போனில் டாக்டரிடம் பேசும்போது 'நான் வயல்ல வேலை செய்றவன், புல்லு அறுத்தேன்' என்று நாமாகச் சொல்ல வேண்டும். சீட்டில் பதிவு எண் இருக்கா என்று பார்த்துவிட்டு மருந்து வாங்க வேண்டும். பாம்புக்கடி, நெஞ்சுவலி, பக்கத்து வயலில் அடித்த விஷம் மூச்சில் ஏறியது என்றால் செயலியைத் திறக்கவே கூடாது, நேராக 108. அடுத்த கிராம சபையில், ஆவடி போல மாநகராட்சி ஆன ஊர்களில் பகுதி சபையில், 'எங்கள் துணை சுகாதார நிலையத்தில் தொலை மருத்துவம் எந்த நாள், எத்தனை மணிக்கு' என்று கேட்டு, அதைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். 

பக்கத்து நிலத்துக்காரர் இப்போது நடமாடுகிறார். வரப்பு செதுக்கப் போனால் முழுக்கால் சட்டை. வீட்டுக்கு வந்ததும் குளியல். போன வாரம் அந்தச் செவிலியர் அம்மாவுக்கு ஒரு கட்டு முளைக்கீரை கொண்டுபோய்க் கொடுத்தார். செயலி டாக்டரின் பெயர் மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது.