எட்டரை மணித் தொடரில் அந்த அம்மா எங்கே?

காலையில் ஷூ கம்பெனி பஸ் ஆம்பூருக்குள் நுழைவதற்குள், முந்தைய இரவின் சீரியல் முழுக்கப் பேசி முடிக்கப்பட்டிருக்கும். பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏறும் பெண்கள்தான் அந்த பஸ்ஸை நிரப்புகிறவர்கள். மருமகள் ஏன் வாயைத் திறக்கவில்லை, மூத்தவனுக்குப் புத்தி எப்போது வரும், மாமியார் செய்தது சரியா தப்பா என்று வழக்கு நடத்தித் தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்த பிறகும் அது ஓயாது. கை ஷூவின் அப்பரைத் தைத்துக்கொண்டிருக்கும், வாய் கதையைத் தைத்துக்கொண்டிருக்கும். பள்ளிவாசல் தெருப் பெண்ணும், சர்ச்சுக்குப் போகிற பெண்ணும், ஆடிக் கூழ் ஊற்றுகிற பெண்ணும் சண்டையில்லாமல் ஒன்றாகப் பேச இருக்கும் பொதுப்பேச்சு அதுதான். நான் முதலில் மிஷினில் இருந்தேன், இப்போது செக்கிங்கில் இருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். நானும் பேசுகிறவள்தான்.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி, ஒத்த பாலினத்தவர் விரும்பி இணைவது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்திய தண்டனைச் சட்டம் 377ஆவது பிரிவின் அந்தப் பகுதி அன்றோடு போனது. எங்கள் லைனில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்துபோனார். அன்று அழாத ஆள் குறைவு. நடிகர்மேல் பாசம், அந்தப் பாத்திரத்தின்மேல் ஆத்திரம், இரண்டும் சேர்ந்த அழுகை அது. வீட்டுப் பெண்களை அதட்டியே வைத்திருக்கும் அந்தக் குணசேகரனைப் பார்த்துப் பார்த்துத்தான், எங்கள் லைனில் பலர் தங்கள் வீட்டு ஆண்களைப் பற்றி வாய்விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். நீதிமன்றம் வந்து சேராத இடத்துக்கு நெடுந்தொடர் வந்து சேர்கிறது. நான் கேட்க வந்தது இந்த இடத்திலிருந்துதான்.

2025இல் நடந்த வழக்கு ஒன்று இந்த மண்ணுடையது. வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகச் சேர்த்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் ஆட்கொணர்வு மனு போட்டார். தான் நேசிக்கிற பெண்ணை அவளுடைய குடும்பம் அடைத்து வைத்திருக்கிறது என்பது மனு. ஆனால் மனுவில் தன்னை 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே எழுதியிருந்தார். அந்தத் தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்று நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் சொன்னார்கள். அடைத்து வைக்கப்பட்ட பெண்ணுக்கு வயது 25. அவளை நேரில் அழைத்துப் பேசினார்கள். வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், 'சரியாக்க' சடங்குகள் செய்தார்கள் என்று அவள் சொன்னாள். 2025 மே 22ஆம் தேதி அவள் விருப்பப்படி போகலாம் என்று உத்தரவானது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்று இல்லை, தாங்களாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. புகார் போன காவல் நிலையங்களில் குடியாத்தமும் ஒன்று. போலீஸ் அசையாமல் இருந்ததை நீதிபதிகள் கண்டித்தார்கள்.

அந்தத் தீர்ப்பில் என் மனசு நின்றது அம்மாவிடம். தன் மகளைக் கெடுத்தது இந்தப் பெண்தான் என்று அந்த அம்மா நீதிபதிகள் முன் நின்று சொன்னார். மகள் வயது வந்தவள், அவள் வாழ்க்கையை அவள் தேர்ந்துகொள்ளலாம் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தும் அந்த அம்மா ஏற்கவில்லை. இவர் லீலா சேத் இல்லை, இவருடைய மனநிலை புரிகிறது என்கிற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். லீலா சேத் இந்தியாவில் ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி. 2013 டிசம்பரில் 377ஐ உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர்ப்பித்தபோது, தன் மகன், எழுத்தாளர் விக்ரம் சேத், இப்போது குற்றவாளி ஆகிவிட்டான் என்று பத்திரிகையில் எழுதிய தாய். சட்டம் படித்து, இங்கிலீஷில் எழுதி, டெல்லியில் வாழ்ந்தவர். அடித்ததையும் அடைத்ததையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். வேலூர் மாவட்டத்து அம்மா ஒருத்தி, இப்படிப்பட்ட மகளோடு சேர்ந்து உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற இன்னொரு அம்மாவை எங்கே பார்த்திருப்பார்? தெருவில் இல்லை. கோயிலில் இல்லை. தினமும் ராத்திரி மூன்று மணி நேரம் ஓடுகிற டிவியிலும் இல்லை.

எனக்கு இது கேள்விப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. என் அக்கா மகன் காலணி வடிவமைப்பு படித்தவன், பேட்டர்ன் போடுவதில் கெட்டிக்காரன். தனக்கு ஆண்களிடம்தான் மனசு போகிறது என்று முதலில் என்னிடம்தான் சொன்னான், பிறகு அவன் அம்மாவிடம். அக்கா கேட்ட முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்?" வேலூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஆஸ்பத்திரி இருக்கும் என்ற நம்பிக்கை உண்டு. இது நோய் இல்லை, மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அவர்தான் தப்பு செய்கிறவர் என்று சொன்னேன். 2021இல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அப்படி மாற்றும் 'சிகிச்சை'களுக்குத் தடை சொன்னதையும், அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்ததையும் சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அடுத்த கேள்வி: "வேற யார் வீட்லயாவது இப்படி இருக்காங்களா? அந்தம்மா இன்னா பண்றாங்க?"

அவளுக்கு வேண்டியிருந்தது சட்டமோ மருத்துவமோ இல்லை. தன்னைப் போல ஒருத்தி. அவள் எப்படி நாத்தனார் வாயை அடைக்கிறாள், கல்யாணப் பேச்சு எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் என்ன சொல்லி அனுப்புகிறாள், ராத்திரி எப்படித் தூங்குகிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் நிதானமாகக் காட்ட நெடுந்தொடரைவிடத் தோதான வடிவம் வேறு எது? வாரத்துக்கு ஆறு நாள், தினம் அரை மணி நேரம், வருஷக்கணக்கில். ஒரு அம்மாவின் மனசு கோபத்தில் தொடங்கி, அழுது, மறைத்து, பொய் சொல்லி, பிடிவாதம் பிடித்து, கடைசியில் மகனுக்கு ஒரு போன் போடுவதுவரை போகிற தூரத்தை இரண்டரை மணி நேர சினிமா ஓடிக் கடக்க வேண்டியிருக்கிறது. சீரியல் நடந்தே போகலாம்.

என் அக்கா மகன் வளரும்போது டிவியில் என்ன பார்த்தான்? 'வேட்டையாடு விளையாடு' 2006இல் வந்த படம், டிவியில் எத்தனையோ முறை போட்டாகிவிட்டது. அதில் தொடர் கொலை செய்யும் இளமாறனும் அமுதனும் ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று கோடிகாட்டப்படுகிறவர்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்த அன்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டதாகச் சொன்னான். 2010இல் வந்த 'கோவா'வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியாக நடித்தார்கள். ஒரு ஆண் ஜோடி வணிகப் படத்தில் ஜோடியாகவே வந்தது அன்றைக்குப் பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் சிரித்தது எதற்கு என்று அவனுக்குத் தெரியும். சின்னத்திரை நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஆண்கள் புடவை கட்டிக்கொண்டு குழைந்து நடந்தால் இன்றைக்கும் கைத்தட்டல்தான். கொலைகாரன் அல்லது கோமாளி. பதினாலு வயதுப் பையன் ஒருவன் இந்த இரண்டில் எதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வான்?

சினிமா கொஞ்சம் மாறியிருக்கிறது. பா.ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' 2022இல் வந்தது. கிருத்திகா உதயநிதியின் 'காதலிக்க நேரமில்லை'யில் வினய் நடித்த சேது, ஓரினச் சேர்க்கையாளன் என்பதற்காக அழவும் இல்லை, சாகவும் இல்லை. குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுகிறான், நண்பனோடு ஊர் சுற்றுகிறான். 2025 பிப்ரவரியில் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை' வந்தது. முற்போக்காகப் பேசும் ஒரு அம்மா, மகள் தான் காதலிக்கும் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வரும்போது தடுமாறிப் போகிறார். ரோகிணி அந்த அம்மாவாக நடித்தார். என் அக்கா பார்க்க வேண்டிய படம் அது. பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அவள் வயதுப் பெண்கள் தியேட்டருக்குப் போவது பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோதான். ஓ.டி.டி.க்குத் தனிச் சந்தா கட்டுகிற பழக்கமும் இல்லை. கேபிள் டிவிதான்.

சின்னத்திரைக்குத் துணிச்சலே கிடையாது என்றும் சொல்ல முடியாது. 2008இல் விஜய் டிவி 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியைத் திருநங்கையான ரோஸ் வெங்கடேசன் கையில் கொடுத்தது. 2022இல் தொடங்கிய பிக் பாஸ் தமிழ் ஆறாவது பருவத்தில் திருநங்கை ஷிவின் கணேசன் இறுதிப் போட்டிவரை வந்தார். எங்கள் லைனில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கேரள உயர் நீதிமன்றத்தால் 2022இல் ஒன்றுசேர்ந்த பெண் ஜோடி ஆதிலாவும் நூராவும், 2025இல் மலையாள பிக் பாஸுக்குள் ஜோடியாகவே போனார்கள். இப்படிப்பட்டவர்களை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்கிற மாதிரி இன்னொரு போட்டியாளர் பேசியபோது, என் வீட்டில் நான் சேர்ப்பேன் என்று தொகுப்பாளர் மோகன்லால் எல்லோர் முன்னாலும் சொன்னார். கதைத்தொடரை எடுத்துக்கொண்டாலும், ஹிந்தியில் ஸ்டார் பிளஸ் 2010இலேயே 'மர்யாதா' தொடரில் கௌரவ் என்ற மகனைக் காட்டியது. ஊருக்காகக் கல்யாணம் செய்துகொண்டு, தானும் வெந்து, மனைவியையும் வேகவைக்கும் மகன். தமிழ் நெடுந்தொடரில் நான் பார்த்தவரை அப்படி ஒரு மகன் இல்லை, மகள் இல்லை.

வெளிநாட்டில் இதைச் செய்தவர்களும் குடும்பம் சேர்ந்து பார்க்கும் நேரத்தில்தான் செய்தார்கள். பி.பி.சி.யின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1986இல் காலின் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தது. அவன் தன் காதலன் நெற்றியில் ஒரு முத்தம் வைத்ததற்கே அங்கத்துப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. தொடர் நிற்கவில்லை. பிரேசிலின் குளோபோ டிவியில் 'அமோர் ஆ விதா' 2014 ஜனவரி 31ஆம் தேதி முடிந்தது. இரண்டு ஆண்களின் முத்தத்தைத்தான் உலகமெல்லாம் செய்தியாக்கியது. என்னைக் கேட்டால் பெரிய காட்சி அதற்குப் பிறகு வந்தது. மகன் ஃபெலிக்ஸை வாழ்நாள் முழுக்க வெறுத்து ஒதுக்கிய அப்பா, பார்வை போன பின், அதே மகனின் பராமரிப்பில் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார். மகன் தன் பாசத்தைச் சொல்கிறான். அப்பாவும் திருப்பிச் சொல்கிறார். தொடரின் கடைசிக் காட்சி அது. மாதக்கணக்கில் பார்த்துவந்த ஜனங்களுக்கு அதன் கனம் புரிந்தது.

பிள்ளைகள் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். பாலில் விஷம் கலப்பது, கர்ப்பிணியைப் படியில் தள்ளுவது, தாலியைப் பிடுங்கி வீசுவது எல்லாவற்றையும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறோம். ஒரு மகன் தன் மனசை அம்மாவிடம் சொல்வது இவற்றைவிடக் கெட்டதா? இதெல்லாம் பட்டணத்து விஷயம் என்பார்கள். குடியாத்தம் பட்டணமா? டி.ஆர்.பி. விழும் என்பார்கள். இந்தக் கவலையை மட்டும் நான் மதிக்கிறேன், அது அவர்களுடைய பிழைப்பு. ஆனால் ரகசியத்தைக் காப்பாற்றும் அம்மா, பெண் பார்க்கப் போகும் நாள், உண்மை தெரிந்த மருமகள் என்று சீரியலுக்கு வேண்டிய எல்லாம் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. எழுதத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் எங்கள் லைன் ஒரு நாள்கூடத் தவறவிடாது.

எழுதப் போகிறவர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள், கடன் கொடுங்கள், தங்கையோடு சண்டை கொடுங்கள். அவனைப் பற்றிய ஒரே செய்தி அவன் யாரை விரும்புகிறான் என்பதாக இருக்க வேண்டாம். நூறாவது பகுதியில் சாகடித்துவிடாதீர்கள். பாவம் என்று அழ வைப்பது சுலபம், ஆயிரமாவது பகுதிவரை வீட்டில் வைத்திருப்பதுதான் கஷ்டம். அம்மாவை ஒரே வாரத்தில் திருத்தாதீர்கள், என் அக்காவுக்கு ஒரு வாரம் போதவில்லை. அப்பாவையும் மறந்துவிட வேண்டாம். பூசாரியோ, பாஸ்டரோ, ஹஸ்ரத்தோ வந்து பேசினால் அவர்களையும் மனுஷர்களாகவே எழுதுங்கள், எங்கள் ஊரில் அவர்களிடம் போகாமல் எந்த வீட்டு வழக்கும் முடிவதில்லை. அப்புறம், எழுத உட்காரும் அறையில் அப்படி வாழ்கிறவர்கள் ஒருவரையாவது கூட உட்கார வையுங்கள். சென்னையில் 2009இலிருந்து வானவில் பேரணி நடத்தி வருகிறார்கள், சீரியல் எடுக்கிறவர்களும் அதே சென்னையில்தான் இருக்கிறார்கள். சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள், வருவார்கள்.